பழைய இங்க் பேனாவை திரும்ப எழுத வைக்கணுமா? சென்னைல எங்க போகணும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்

போன பொங்கலுக்கு வெள்ளை அடிக்க பீரோவை நகர்த்தினப்போ அடில இருந்து அம்மாவோட பழைய இங்க் பேனா உருண்டு வந்துச்சு. அம்மா கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க, இந்தப் பேனால சிவப்பு இங்க் மட்டும்தான் போடுவாங்க, பேப்பர் திருத்துறதுக்குன்னே தனியா வெச்சிருந்தது. கறுப்பு எபோனைட் பேனா, கிளிப்பு கோணல், பின்பக்கம் நாலஞ்சு பல் தடம் (மார்க் கூட்டும்போது கடிப்பாங்க). இதை எழுத வெச்சுடலாம்னு ஆரம்பிச்சு ரெண்டு மாசம் லோல்பட்டேன். அதுல ஒரு மாசமும் ஆயிரத்து சொச்சம் ரூபாயும் சுத்தமா தண்டம், ஏன்னா தண்ணில கழுவிப் பாக்குறதுக்கு முன்னாடியே ஸ்பேர் வாங்க கிளம்பிட்டேன். நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

1. முதல்ல உங்க பேனா எந்த ரகம்னு பாருங்க

ரெண்டு விஷயம் தெரியணும், உடம்பு எதுல செஞ்சது, இங்க் எப்படி உள்ள போகுது. இது தெரியாம தண்ணில போடக்கூட கூடாது.

உடம்பைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். பேரலை, அதாவது பேனாவோட உடம்புக் குழாயை, கட்டைவிரலால சூடு ஏறுற வரைக்கும் நல்லா தேய்ச்சு மோந்து பாருங்க. தீபாவளிக்கு மறுநாள் காலைல தெருவுல வர்ற மாதிரி லேசா கந்தக வாசனை வந்தா எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். கற்பூர வாசனை வந்தா செல்லுலாய்டு, இதை நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீங்க, சட்டுனு பத்திக்கும், ஹேர் டிரையர் கூட வேணாம். ஒண்ணும் வரலேன்னா பெரும்பாலும் பிளாஸ்டிக்.

இங்க் போற வழி. கழுத்தை (நிப்பு மாட்டியிருக்குற முன்பகுதியை) திருகினா பேரல் வெறும் குழாயா இருக்கா, அப்போ அது நம்ம ஸ்கூல்ல ஃபில்லர் வெச்சு ஊத்தின ரகம், இதுதான் ரொம்ப சுலபம், ரப்பர் கிப்பர் எதுவும் கிடையாது. உள்ள உலோகக் கூட்டுக்குள்ள ஒரு டியூப் இருந்து அமுக்குற மாதிரி இருந்தா, பழைய ஹீரோ பேனால வருமே அந்த ரகம். பேரல் பக்கவாட்டுல ஒரு சின்ன நெம்புகோல் இருந்தா உள்ள ரப்பர் பை இருக்கும், அது அனேகமா செத்திருக்கும். காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, வறுத்த கடலைத் தோல் மாதிரி கலகலன்னு சத்தம் வந்தா பை காஞ்சு நொறுங்கிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. நெம்புகோல் பேனாவைக் காட்டி "ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு நேரா இங்க் ஊத்திக்கோங்க சார்"னு சொல்றவங்க இருக்காங்க. நெம்புகோலுக்காக பேரல்ல நீளமா ஒரு ஓட்டை போட்டிருப்பாங்க, அது வழியா இங்க் மொத்தமும் உங்க சட்டைக்குத்தான் வரும்.

2. ஊற வைங்க, அவசரப்படாதீங்க

செலவு ஐம்பது ரூபாய்க்குள்ள. மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாம ஒரு 10 மில்லி சிரிஞ்சு, பெட்ரோல் பங்க்லயோ பேட்டரி கடைலயோ டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். போர் தண்ணி வேணாம், நம்ம ஊரு போர் தண்ணிலதான் பக்கெட்டே வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்குதே, அது நாக்கோட பள்ளத்துல படிஞ்சா இருக்குற அடைப்பு பத்தாதுன்னு இன்னொரு அடைப்பு. வீட்ல ஆர்ஓ இருந்தா அந்தத் தண்ணியும் ஓகே.

(நாக்குன்னா நிப்புக்கு அடில ஒட்டிக்கிட்டு இருக்குற கறுப்புக் கட்டை. இங்க்கை நிப்புக்குக் கொண்டு வர்றதும், அதுக்குப் பதிலா காத்தை உள்ள விடுறதும் அதோட வேலை. பேனா எழுதலேன்னா எல்லாரும் நிப்பைத் திட்டுறோம், தப்பு பாதி நேரம் நாக்கு மேல.)

கழுத்தை மட்டும், அதாவது நிப்பும் நாக்கும் மாட்டியிருக்குற பகுதியை, ஒரு டம்ளர்ல பச்சைத் தண்ணில மூழ்க வைங்க. எபோனைட் பேரலையும் மூடியையும் ஊற வைக்காதீங்க, ஈரத்துணில துடைச்சா போதும். காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தண்ணி மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சால பின்பக்கத்துல இருந்து தண்ணியைப் பீச்சி அடிங்க. அம்மா பேனால மொத நாள் ஒண்ணுமே வரல, தண்ணி தெளிவா அப்படியே இருந்துச்சு, சரி செத்துப் போச்சுன்னு நினைச்சேன். ரெண்டாம் நாள் காலைல பாத்தா நிப்போட ஓட்டைல இருந்து ஒரே ஒரு சிவப்பு நூல் கீழ இறங்கிட்டு இருக்கு, ஆடாம அசையாம, டம்ளர் அடி வரைக்கும். அதுக்கப்புறம் மூணு நாளா தண்ணி ரோஸ்மில்க் கலர்லயே வந்துச்சு. அம்மா பாத்துட்டு, "எத்தனை பசங்க மார்க்கு கரையுது பாரு"ன்னாங்க.

தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் மாத்துங்க, ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். ஆறாம் நாளும் அசையலேன்னா ஒரு டம்ளர்ல ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு ஒரு ராத்திரி வைங்க, அப்புறம் வெறும் தண்ணில நல்லா அலசிடுங்க.

இங்க மாட்டிக்குற இடங்கள்:

சுடுதண்ணி. நான் பண்ணேன். சீக்கிரம் கரையட்டும்னு பேரலோட சேத்து கொதிக்கிற தண்ணில முக்கினேன், கறுப்பு பேனா ரெண்டே நிமிஷத்துல டிகாக்‌ஷன் ஊத்தின மாதிரி பழுப்பாயிடுச்சு. பழைய எபோனைட்டுக்கு சூடும் வெயிலும் ஆகாது, மேல்தோல் வெளுத்துடும், அப்புறம் தேய்ச்சு எடுத்தாத்தான் கறுப்பு வரும். நான் தேய்க்கல, தேய்ச்சா அந்தப் பல் தடமும் சேந்து போயிடும். செல்லுலாய்டா இருந்தா கலர் போறதோட நிக்காது, வளைஞ்சே போயிடும்.

ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர். கிட்டவே வராதீங்க. பிளாஸ்டிக்கும் செல்லுலாய்டும் இளகிடும்.

குறடு. கழுத்து திருக வரலேன்னா குறடு எடுக்காதீங்க, விரிசல் விட்டா முடிஞ்சது கதை. சைக்கிள் டியூப்ல ரெண்டு துண்டு வெட்டி ரெண்டு பக்கமும் சுத்திப் பிடிச்சு மெதுவா திருகுங்க, வரலேன்னா இன்னும் ஒரு நாள் ஊற வைங்க.

3. நிப்பு உயிரோட இருக்கான்னு பாருங்க

ஊறினதுக்கு அப்புறம் பாதிப் பேனா இங்கயே எழுத ஆரம்பிச்சுடும், அப்படின்னா நேரா ஏழாவதுக்குப் போங்க. எழுதலேன்னா நிப்பை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு செல்போன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க, இல்ல வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கலாம். பாக்க வேண்டியது மூணு. நுனில குண்டூசித் தலையை விடச் சின்னதா ஒரு உருண்டை இருக்கணும், அதுதான் பேப்பர்ல உரசுற கெட்டி உலோகம், அது ஒரு பக்கம் உடைஞ்சு போயிருந்தா அந்த நிப்பு காலி. நடுப் பிளவுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ரெண்டு காலும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா எழுதும்போது கீறும், இதை நகத்தாலயே மெதுவா அமுக்கி சரி பண்ணலாம், அவ்வளவு பெரிய வேலை இல்ல. நடுவுல இருக்குற பிளவுல நூல் மாதிரி வெளிச்சம் தெரியணும், சுத்தமா தெரியலேன்னா இங்க் இறங்காது, அகலமா தெரிஞ்சா கக்கும்.

ஸ்கூல்ல தரைல தேய்ச்சோமே, அந்த வேலை மட்டும் வேணாம். உப்புத்தாள், எமரி, சிமெண்ட்டு எதுவும் கூடாது. அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது, நாலு இழுப்புல போயிடும்.

நிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னும் படிங்க. 14கே, 14சி, 585 இதுல ஏதாவது இருந்தா தங்க நிப்பு. 585ன்னா ஆயிரத்துல 585 பங்கு தங்கம், அதாவது 14 கேரட். வெறும் இரிடியம் பாயிண்ட்டுன்னு மட்டும் இருந்தா அது ஸ்டீலு, மஞ்சளா இருந்தா முலாம். தங்க நிப்பா இருந்தா அஞ்சாவது பகுதியை ரெண்டு தடவை படிங்க.

4. ஸ்பேர் தேடிப் போறது

கிளம்புறதுக்கு முன்னாடி பழைய நிப்பையும் நாக்கையும் கழட்டி ஒரு மாத்திரை டப்பால போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க. கழட்டுறதுக்கு: நிப்பையும் நாக்கையும் சேத்து ரப்பர் துண்டால பிடிச்சு நேரா இழுங்க, நல்லா ஊறியிருந்தா வந்துடும். சில பேனால மொத்தமா மரை போட்டு வரும், அதைத் திருகணும், இழுத்தா உடையும். ஹீரோ மாதிரி நிப்பு உள்ள ஒளிஞ்சிருக்குற பேனாவை மொதல் தடவையே கழட்டாதீங்க, கழுவுறதோட நிறுத்திக்கோங்க.

நான் எதையும் எடுத்துட்டுப் போகாம "இவ்வளவு இருக்கும்"னு விரலைக் காட்டி மூணு நிப்பு வாங்கிட்டு வந்தேன். மூணும் தப்பு. நீளம் சரியா இருந்தா அடி வளைவு பெருசு, வளைவு சரியா இருந்தா நீளம் கம்மி. ரெண்டு அளவும் ஒத்துப்போகணும், நாக்கு மேல நிப்பு சட்டை போட்ட மாதிரி உக்காரணும்.

எங்க போறது:

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். ஓட்டை உடைசல், பழைய செல்போன், கடிகாரம் பரப்பி வெச்சிருக்குறவங்ககிட்டதான் பேனா இருக்கும், பேனாவுக்குன்னு தனிக் கடை தேடாதீங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. இங்க நீங்க வாங்குறது எழுதுற பேனா இல்ல, ஸ்பேருக்காக ஒரு செத்த பேனா, அது மனசுல இருக்கணும். உடம்பு உடைஞ்சு நிப்பும் நாக்கும் நல்லா இருந்தா அதுதான் உங்களுக்கு லாட்டரி. தண்ணி பாட்டில்ல நிப்பை முக்கி கைல ஒரு கோடு இழுத்துப் பாருங்க, கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார். "பார்க்கர் சார், ஒரிஜினல்"னு சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. நான் 600 ரூபாய் குடுத்து ஒரு பார்க்கர் வாங்கினேன், வீட்ல வந்து கழட்டினா மூடி ஒரு பேனாவோடது, உடம்பு ஹீரோ.

மூர் மார்க்கெட், சென்ட்ரல் பக்கத்துல. பழைய புக்கு வாங்கப் போறப்போ ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, இதுக்குன்னே போறது வேஸ்ட்டு. உங்க ஏரியா காயலாங்கடையும் அப்படித்தான்.

பாரிஸ், அதாவது பாரிமுனை. பீச் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம். என்எஸ்சி போஸ் ரோட்ல ஜெம் அண்ட் கோ மாதிரி ரொம்ப வருஷமா பேனாவே விக்கிற கடை இருக்கு, புது நிப்பு, நாக்குக்கு பழைய சாமானைக் காட்டிக் கேளுங்க. சந்தைல நாலு வெள்ளிக்கிழமை அலைஞ்சு கெடைக்காதது இங்க பத்து நிமிஷத்துல கெடைச்சது. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, அந்த ஏரியா பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும்.

ரப்பர் பை வேணும்னா ஆன்லைன்தான். அதுக்கு நம்பர் உண்டு, 16ன்னா குறுக்களவு ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினதுல 16 பங்கு, கால் அங்குலம். பை மாட்டுற முனையையும் பேரலோட உள் அகலத்தையும் அளந்துட்டு ஆர்டர் போடுங்க. வெளிநாட்ல இருந்து கூரியர்ல வந்தா கேஒய்சி கேப்பாங்க, ஆதார், இல்ல பான் அப்லோட் பண்ணாத வரைக்கும் பார்சல் அங்கயே நிக்கும், சுங்க வரிக்கு மேல கூரியர்காரன் தன் சார்ஜையும் போடுவான். என் ஃபிரண்டுக்கு பையோட விலையை விட இந்தச் சார்ஜ் ஜாஸ்தி ஆயிடுச்சு. நம்ம நாட்டுக்குள்ளயே விக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் அங்க போங்க.

5. ரிப்பேருக்குக் குடுத்தா போட்டோவும் பில்லும்

வேற ஏரியால ஒரு கடைல நான் பேனாவைக் குடுத்தேன், "நாளைக்கு வாங்க" அஞ்சு தடவை கேட்டேன், கடைசில 250 ரூபாய் வாங்கிட்டு திருப்பிக் குடுத்தாங்க. வீட்ல வந்து பாத்தா உள்ள இருக்குறது வேற நிப்பு. ஸ்டீலு நிப்புதான், பெருசா ஒண்ணும் நஷ்டமில்ல, ஆனா அது அம்மாவோட நிப்பு. போய்க் கேட்டா "இதுதான் சார் இருந்துச்சு"ங்குறாங்க, என்கிட்ட காட்ட ஒரு போட்டோ கூட இல்ல.

அதனால குடுக்குறதுக்கு முன்னாடி மூடி போட்டு, மூடி இல்லாம, நிப்போட எழுத்து தெரியுற மாதிரி கிட்டத்துல, மூணு போட்டோ எடுங்க. அதைக் கடைக்காரர் முன்னாடியே எடுங்க, அது ரொம்ப முக்கியம். பில்லுல நிப்பு மேல இருக்குற எழுத்தையும் பேனா கலரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்க. பில்லு தர மாட்டேன்னா துண்டுச்சீட்டுல எழுதி கையெழுத்து வாங்குங்க, அதுவும் மாட்டேன்னா பேனாவைப் பாக்கெட்ல போட்டுட்டு வந்துடுங்க. திருவள்ளூர் ரங்கா மாதிரி வெளியூர்ல கடைசல் போட்டு எபோனைட் பேனா செய்யுறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட மூடியோ நாக்கோ கேக்கணும்னா போட்டோ அனுப்பி பேசிட்டு அப்புறம் கூரியர் பண்ணுங்க, இங்க்கை முழுசா காலி பண்ணிட்டு.

6. இதுவரைக்கும் எவ்வளவு

எனக்கு நெஜமாவே தேவைப்பட்டது: சிரிஞ்சு 12, தண்ணி 25, சரியான நிப்பு 90, நாக்கு 40, சிலிக்கோன் கிரீஸ் 100, இங்க் 40. மொத்தம் 307 ரூபாய். தண்டம்: தப்பான நிப்பு மூணு 270, போலி பார்க்கர் 600, ரிப்பேர் கடை 250, ஆக 1120. ரயில் டிக்கெட்டும் பாரிஸ்ல குடிச்ச கரும்பு ஜூஸும் கணக்குல இல்ல.

நாள் கணக்கு: ஊற வைக்க ஒரு வாரம், சந்தைக்கு வெள்ளிக்கிழமைதான் போக முடியும், ஆபீஸ் போறவங்களுக்கு அதுவே ரெண்டு வாரம் இழுக்கும், மாட்டி டெஸ்ட் பண்ண ரெண்டு நாள். மூணு வாரம்னு வெச்சுக்கோங்க. யாருக்காவது பர்த்டேக்கு குடுக்கணும்னா ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிங்க.

7. மாட்டுறது

நிப்பை நாக்கு மேல நடுவுல வெச்சு ரெண்டையும் சேத்து கழுத்துக்குள்ள நேரா தள்ளுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு வெளில நீட்டியிருந்துச்சோ அதே அளவு, அதுக்கும் போட்டோ எடுத்து வெச்சிருந்தா நல்லது. நிப்புக்கும் நாக்குக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா இங்க் ஏறாது. நாக்கு எபோனைட்டா இருந்தா, அந்த நுனியை மட்டும் கொதிச்ச தண்ணில அரை நிமிஷம் காட்டிட்டு ரெண்டையும் சேத்து அமுக்கிப் பிடிங்க, ஆறினதும் நிப்போட ஒட்டி நிக்கும். (மேல சுடுதண்ணி வேணாம்னு சொன்னது பேரலுக்கு. நாக்கு கறுப்பா இருந்தா என்ன, பழுப்பா இருந்தா என்ன.) பிளாஸ்டிக் நாக்குக்கு இது வேலைக்கு ஆகாது.

ஃபில்லர் வெச்சு ஊத்துற ரகத்துல கழுத்து மரைல சிலிக்கோன் கிரீஸ் ஒரு கடுகளவு தடவுங்க. வாஸ்லின் வேணாம், ரப்பர் பாகத்தைக் கெடுத்துடும். பசை எதுவும் வேணாம், ஃபெவிக்விக் போட்டு வெச்சா அடுத்த தடவை திறக்கவே முடியாது. ரப்பர் பை மாட்டுறவங்களுக்கு ஷெல்லாக், மர பாலிஷ்காரங்க வாங்குற அந்த அரக்கு, ஒரு நாள் காயணும், அப்புறம் பை மேல வாசனை இல்லாத டால்கம் பவுடர்.

மொதல்ல இங்க் ஊத்தாதீங்க. தண்ணி ஊத்தி, நிப்பு கீழ பாத்த மாதிரி ஒரு டம்ளர்ல டிஷ்யூ போட்டு ராத்திரி முழுக்க நிக்க வைங்க. நிப்பு நுனில மட்டும் ஈரம்னா சரி. மரை பக்கம் ஈரம்னா கிரீஸ் பத்தல.

8. இங்க்

பழைய இங்க் பாட்டில் சந்தைல கெடைக்கும், செல்பார்க், குவிங்க் எல்லாம் கண்ணாடி பாட்டில்ல, பாக்க அவ்வளவு ஆசையா இருக்கும். மூடியைத் திறந்து மோந்து பாருங்க, ஈரத்துணி மூட்டை வாசனை வந்தா வேணாம். ஊதுபத்திக் குச்சியை உள்ள விட்டு எடுங்க, நூலா, சளியா ஏதாவது தொங்கினா பூஞ்சை, அது பேனாக்குள்ள போனா திரும்ப ஒண்ணாவதுல இருந்து வரணும். நான் பாட்டிலுக்காக ஒண்ணு வாங்கி இங்க்கை சிங்க்ல ஊத்திட்டேன், சிங்க் இன்னும் நீலம்.

எழுத புது பாட்டில், பிரில், இல்ல கேமல் ராயல் ப்ளூ போதும். தண்ணில கழுவினா போயிடும், அதுதான் பழைய பேனாவுக்கு வேணும். டிராயிங் இங்க், ஸ்டாம்ப் பேடு இங்க், ஜெல் ரீஃபில் இங்க் இதெல்லாம் உள்ள காஞ்சா கல்லு. ரெண்டு கம்பெனி இங்க்கைக் கலக்காதீங்க, சிலது சேந்தா அடில வண்டல் தங்கும்.

நேரா இங்க் ஊத்துற பேனால பாதிக்குக் கீழ இங்க் குறைய விடாதீங்க. இங்க் குறைஞ்சா உள்ள காத்து அதிகம், கை சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு இங்க்கை வெளில தள்ளும். மே மாசம் நம்ம ஊர்ல கை சூடே வேணாம். பாக்கெட்ல நிப்பு மேல பாத்த மாதிரி வைங்க, வெயில்ல நிறுத்தின வண்டி டேங்க் கவர்ல வைக்காதீங்க.

மாசத்துக்கு ஒரு தடவை இங்க்கைக் காலி பண்ணி டிஸ்டில்டு வாட்டர்ல அலசுங்க, பத்து நிமிஷ வேலை. எங்க வீட்ல இந்த மாசம் இன்னும் அலசல, பேனா அம்மாகிட்ட இருக்கு. ராயல் ப்ளூ போட்டுக் குடுத்தேன், மளிகை லிஸ்ட்டை ரெண்டு வரி எழுதிட்டு "சிவப்பு இல்லியாடா"ன்னு கேட்டாங்க.